பானட்டைத் திறந்தால்… வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். வேகமான செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர் டயரையும் பெயின்டையும் பார்ப்பதற்கு முன்னால் பழைய ஆயில் ஃபில்டரைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் இந்த மாதம் பக்கம் முழுவதையும் தின்றுவிட்டன. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான், சேர்த்துவிட்டேன். டீசல் பக்கி (பிக்கப் வண்டி) பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த மாதம் பார்ப்போம்.

கேள்வி: 2009 மாடல் பி.எம்.டபிள்யூ எம்3, ஈ92, வி8 இன்ஜின், 1,38,000 கிலோமீட்டர் ஓடியது. விலை படிந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் யாரிடம் சொன்னாலும் "ராடு பேரிங், ராடு பேரிங்" என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா, கட்டுக்கதையா?
(டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகர்)

உண்மைதான். ஆனால் எல்லா எம்3-யும் நாளைக்கே வெடித்துவிடும் என்கிற மாதிரி பேசுகிறார்களே, அது கொஞ்சம் ஜாஸ்தி.

முதலில் விஷயம் என்ன என்று பாருங்கள். உங்கள் காரில் இருப்பது எஸ்65 என்கிற 4 லிட்டர் இன்ஜின், 309 கிலோவாட், 8,000 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டியும் முறுக்கலாம். பிஸ்டனையும் கிராங்க் என்கிற சுழலும் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் கீழ் முனையில், கிராங்கைச் சுற்றி அரைவட்டமாக இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் பேரிங் ஷெல் என்கிறோம். தகடும் கிராங்கும் ஒன்றையொன்று தொடவே கூடாது, நடுவில் ஒரு ஆயில் படலம் நிற்க வேண்டும். இந்த இன்ஜினில் அந்த இடைவெளி மிகவும் இறுக்கம், கம்பெனி சொல்லும் ஆயிலோ 10டபிள்யூ-60, குளிரில் தேன் மாதிரி கெட்டி. இறுக்கமான இடத்துக்குள் கெட்டியான ஆயில் சரியாகப் போய்ச் சேராமல் ஷெல் தேய்கிறது என்பதுதான் இந்த இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம். இதே தலைமுறை எம்5-இன் 5 லிட்டர் வி10-க்கும் இதே வியாதி உண்டு. அதற்கு முந்தைய ஈ46 எம்3-இல் கம்பெனியே கார்களை வரவழைத்துப் பேரிங் மாற்றிக் கொடுத்த கதையும் இருக்கிறது, அதனால் இது புதுப் புரளி இல்லை.

சரி, என்ன செய்வது? விற்பவரிடம் ஆயில் மாற்றச் சொல்லி, நீங்கள் பக்கத்திலேயே நின்று, பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். காகித மடிப்புப் பகுதியை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்து, ஒரு வெள்ளைத் துணியின் மேல் அக்கார்டியன் மாதிரி விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக ஆயில் மட்டும் இருந்தால் நல்லது. மடிப்பின் அடியில் மீன் செதில் மாதிரி மினுமினு என்று ஏதாவது தெரிந்தால் ஒரு காந்தத்தை மெதுவாக மேலே கொண்டுபோங்கள். ஒட்டினால் அது இரும்பு, வேறு எங்கிருந்தோ வருகிறது. ஒட்டாமல் அப்படியே கிடந்தால் பேரிங் ஷெல்லைச் சந்தேகப்படலாம். ஆயிலைச் சின்ன பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் ஈயம், செம்பு எவ்வளவு என்று எண்ணில் சொல்லிவிடுவார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய ஷெல்லில்தான் ஈயமும் செம்பும், பின்னால் வந்ததில் அலுமினியமும் வெள்ளீயமும். 2009 காரில் கம்பெனி போட்டது பழைய வகை. ஆனால் நடுவில் யாராவது மாற்றியிருந்தால் ரிப்போர்ட்டில் ஈயம் இல்லை என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது. என்ன மாற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். பில் இல்லாமல் "மாற்றியாச்சு" என்று வாயால் சொல்வது மாற்றாததற்குச் சமம்.

மாற்றப்படவில்லை என்றால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணிப் பேரம் பேசுங்கள். இன்ஜினை வெளியே இறக்க வேண்டிய அவசியமில்லை, கீழேயிருந்து சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கழற்றிச் செய்துவிடலாம். ஆனால் ராடு போல்ட்டுகள் புதிதாகத்தான் போட வேண்டும், பழையதை மறுபடி முறுக்குகிற மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள். வாங்கிய பிறகு மீட்டரில் ஆர்.பி.எம். முள்ளைச் சுற்றி மஞ்சள் விளக்குகள் எரியும், ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். அவை அணைகிற வரைக்கும் மாட்டுவண்டி மாதிரி ஓட்டுங்கள். அவ்வளவுதான்.

த்ராட்டில் ஆக்சுவேட்டரும் (இன்ஜினுக்குக் காற்று போகிற வழியைத் திறந்து மூடும் மோட்டார்) இந்தக் காரில் கெட்டுப்போகும், இரண்டு இருக்கிறது. ஆனால் அது கெட்டால் விளக்கு எரிந்து கார் மந்தமாகும், இன்ஜின் போகாது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 5, 6, 7 ஜி.டி.ஐ. மூன்றும் என் பட்ஜெட்டுக்குள் கிடைக்கின்றன, 7 கொஞ்சம் இழுக்கும். எதில் தலைவலி குறைவு?
(ஃபீனிக்ஸ் வாசகர். இதே கேள்வியை வெருலம், மெரிபேங்க் வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்)

மூன்றுக்கும் மூன்று தனித்தனித் தலைவலி தம்பி, எது உங்களுக்குத் தோதானது என்று நீங்களே பாருங்கள்.

கோல்ஃப் 5-இல் இருப்பது பெல்ட் வைத்த பழைய 2 லிட்டர் டர்போ. அதில் பெட்ரோலை அதிக அழுத்தத்தில் தள்ளுகிற பம்பைக் கேம்ஷாஃப்ட்தான் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) இடித்து இடித்து ஓட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் தையல்காரர் விரலில் மாட்டுகிற தொப்பி மாதிரி ஒரு சின்ன எஃகுக் கிண்ணம், ஃபாலோவர் என்பார்கள். அதன் முகத்தில் ஒரு கறுப்புப் பூச்சு. பூச்சு தேய்ந்தால் வெள்ளையாகும், அப்புறம் பளபளக்கும், அப்புறம் ஓட்டை விழும், ஓட்டை விழுந்தால் பம்பின் தண்டு நேராகக் கேம்ஷாஃப்ட்டையே அரைக்கத் தொடங்கும். பம்பைப் பிடித்திருப்பது மூன்று போல்ட்தான், கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். இதைப் பார்க்காமல் கோல்ஃப் 5 வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும், கிண்ணத்தின் விலை அற்பம், கேம்ஷாஃப்ட்டின் விலை அப்படியில்லை.

கோல்ஃப் 6-இல் ஈஏ888 என்கிற இன்ஜின், பெல்ட் போய் செயின் வந்தது. "செயின்தானே, ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர்தான் காலை வாரியது. 2012 வாக்கில் மாற்றி அமைத்த டென்ஷனர் வருவதற்கு முன்னால் செய்த கார்களில் அது பிடி விட்டுவிடும், ஸ்டார்ட் பண்ணும்போது செயின் பல் தாவும், பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளையும். பார்க்கப் போகும்போது விற்பவரிடம் இன்ஜினைத் தொட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். காலையில் பானட்டில் கை வைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் இரண்டு மூன்று வினாடி தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற சத்தம் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சத்தம் இல்லை என்றாலும் டைமிங் கவரில் கீழே ஒரு சின்ன அடைப்பு இருக்கிறது, அதைக் கழற்றினால் உள்ளே பழைய டென்ஷனரா புதியதா என்று தெரிந்த மெக்கானிக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்.

கோல்ஃப் 7-இல் அந்த இன்ஜினின் மூன்றாம் தலைமுறை. செயின் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது, அதற்குப் பதில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. அது கூலன்ட்டைக் கசியவிடும். கூலன்ட் டப்பாவில் அளவு மாதாமாதம் இறங்குகிறது, கீழே ஒரு சொட்டுகூடக் காணோம் என்றால் அங்கேதான் தேட வேண்டும். கசிந்தது சூட்டில் காய்ந்து இளஞ்சிவப்புத் தூளாகப் படிந்திருக்கும்.

5-க்கும் 6-க்கும் பொதுவாக ஒன்று: பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் அடிப்பதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை, ஆயில் ஆவி படிந்து அடுப்புக் கரி மாதிரி ஆகிவிடும். வால்நட் ஓட்டைப் பொடித்துக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். பெட்ரோல் டேங்கில் ஊற்றுகிற பாட்டில் மருந்து எதுவும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சேராது, காசை வீணாக்காதீர்கள்.

எனக்கு என்றால்? கொஞ்சம் காத்திருந்து 7 வாங்குவேன்.

கேள்வி: என் டர்போ காரை ஜோபர்க்கிலேயே (ஜோஹன்னஸ்பர்க்) டியூன் செய்தேன், அங்கே அருமையாக ஓடுகிறது. டிசம்பரில் குடும்பத்தோடு டர்பன் வந்தால் மட்டும் மேடு ஏறும்போது "டிங் டிங்" என்று தட்டுகிறது. கடற்கரைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையா?
(லெனேசியா வாசகர்)

காற்று ஒத்துக்கொள்ளாததில்லை, காற்று அதிகமாகிவிட்டது! ஜோபர்க் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் டர்பனில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் அங்கே அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். சிலிண்டருக்குள் காற்று குறைவு, அதனால் நாக்கிங்கும் (பெட்ரோல் நேரம் தவறிப் பற்றிக்கொண்டு தட்டுவது) குறைவு, 93 ஆக்டேன் பெட்ரோலே அங்கே போதும் என்பதும் இதனால்தான். நீங்கள் அந்தக் காற்றுக்கு ஏற்றபடி இக்னிஷனை (ஸ்பார்க் வரும் நேரத்தை) முன்னால் தள்ளி டியூன் செய்துகொண்டு, 93 போட்டு, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் வழியாக இறங்கி வருகிறீர்கள். டியூன் செய்தவர் "காற்றழுத்தத்துக்கு மேல் இத்தனை" என்று பூஸ்ட்டை (டர்போ தள்ளும் அழுத்தத்தை) வைத்திருந்தால் கீழே வரும்போது அடிப்படைக் காற்றழுத்தமே கூடிவிடுகிறது, பூஸ்ட் மீட்டர் அதே எண்ணைக் காட்டும், உள்ளே போகிற காற்றோ அதிகம். பெட்ரோல் நேரம் தவறித் தானாகப் பற்றிக்கொள்கிறது. அந்த "டிங் டிங்" பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி. கம்பெனி டியூனில் நாக் சென்சர் கேட்டவுடன் இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துவிடும். சக்தியைக் கூட்டிக் காட்டுவதற்காக அந்தச் சென்சரின் காதை அடைத்துவிடுகிற டியூனர்களும் இருக்கிறார்கள். உங்களுடையவரிடம் நேராகவே கேளுங்கள், மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

இந்த வருஷம் வரும்போது ஹாரிஸ்மித்தில் நிறுத்தி 95 நிரப்புங்கள், டேங்க் ஓரளவு காலியாக இருக்கும்போது. அது தற்காலிகம்தான். டியூனை கடல் மட்டத்துக்கும் சேர்த்துச் சரிசெய்யச் சொல்வதே வைத்தியம்.

திரும்பிப் போகும்போது ஒரு விஷயம். பீட்டர்மரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லில் லாரிக்குப் பின்னால் மாட்டி, ஆறாவது கியரிலேயே 1,500 ஆர்.பி.எம்.-இல் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, கியர் குறைக்கச் சோம்பல். சின்ன டர்போ இன்ஜின்களுக்கு அதிக ஆர்.பி.எம்.-ஐவிட இதுதான் எமன். குறைந்த வேகத்தில் அதிகச் சுமை கொடுத்தால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும், ஒரே அடியில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். இதற்காகவே ஆயில் தரத்தையே மாற்றினார்கள், டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 2020-இல் வந்த தரம். நான்காவதுக்குக் குறைத்து முறுக்கி ஏறுங்கள், இன்ஜின் கத்தினால் கத்தட்டும்.

கேள்வி: என் மகனுக்கு வயது 23. பழைய "பாக்ஸ் ஷேப்" பி.எம்.டபிள்யூ 325ஐ.எஸ். வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். என்னைவிட அந்தக் கார் மேல்தான் பாசம். நம்பி வாங்கலாமா ஐயா?
(டொங்காட், ஒரு தாய்)

அம்மா, உண்மையைச் சொல்லுங்கள், கடிதத்தை எழுதியது நீங்களா, பக்கத்தில் உட்கார்ந்து மகன் சொல்லச் சொல்ல எழுதியதா?

அந்தக் காருக்கு நம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற மரியாதை வேறு எங்கும் இல்லை. ரோஸ்லின் ஆலையில் நம் ஊருக்காகவே செய்த கார், டவுன்ஷிப்பில் "குஷேஷே" என்றால் அது இந்த பாக்ஸ் ஷேப்தான். அதற்கு முன்னால் 333ஐ என்று ஒன்று வந்தது, 204 கார்தான் செய்தார்கள். அதை மகனுக்குச் சொல்லிவிடாதீர்கள், அடுத்து அதைக் கேட்பான்.

இன்ஜின் கெட்டிக்கார இன்ஜின், ஆறு சிலிண்டர், பெரிய வஞ்சகம் எதுவும் இல்லை. ஆபத்து இரண்டு இடத்தில். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதோடு முடிந்தது. விற்பவர் "போன வருஷம்தான் மாற்றினேன்" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் வாங்கிய வாரமே புது பெல்ட் போடச் சொல்லுங்கள். இரண்டாவது சூடு. முப்பது வருஷத்துக்கு மேலான ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ், வாட்டர் பம்ப், இதில் ஒன்று ஜனவரி வெயிலில் என்2 நெடுஞ்சாலை டிராஃபிக்கில் கைவிட்டால் முள் சிவப்பைத் தொட்ட ஐந்தே நிமிஷத்தில் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். முள் நடுவைத் தாண்டினால் ரோபோட் (டிராஃபிக் சிக்னல்) வரைக்கும் போய்விடலாம் என்று பார்க்காமல் அங்கேயே ஓரம்கட்டி அணைக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, சாதாரண 325ஐ-க்கு ஐ.எஸ். வேஷம் கட்டி விற்பவர்கள் நிறைய. சேஸி நம்பரைத் தெரிந்தவரிடம் காட்டாமல் ஒரு ராண்ட்கூட அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் என்ன ஆகும் என்பதையும் காருக்கு முன்னால் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன். 6,000-க்கு மேல் வர வேண்டிய அந்த "கிக்" சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. இன்ஜின் போய்விட்டதா?
(மெரிபேங்க் வாசகர்)

போகவில்லை, பயப்படாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். 1.8 லிட்டரில் 141 கிலோவாட் கொடுக்கிற அந்த இன்ஜின் 6,000 தாண்டியதும் ஆயில் அழுத்தத்தை வைத்துத்தான் உயரமான கேமுக்கு மாறுகிறது. ஆயில் குறைந்தால் மாறாது, இன்ஜின் சூடாகாவிட்டாலும் மாறாது. இந்த இன்ஜின் முறுக்க முறுக்க ஆயிலும் குடிக்கும், இரண்டு பெட்ரோல் நிரப்புக்கு ஒரு தடவை பார்க்கிற பழக்கம் வேண்டும். ஆயில் சரியாக இருந்தால் அடுத்து ஆயில் கன்ட்ரோல் வால்வின் சின்ன வலை ஃபில்டர், தூசி அடைத்திருக்கும். அதுவும் சுத்தம் என்றால் வால்வு கவரைக் கழற்றி "லிஃப்ட் போல்ட்" இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், பழைய வகை போல்ட் நடுவில் தேய்ந்து உடையும். மாற்றி அமைத்த போல்ட் கிடைக்கிறது, மலிவு.

அந்த இன்ஜினை உண்மையில் கொல்வது வேறு. வேகமாகப் போகும்போது நான்காவதுக்குக் குறைக்கப் போய் கை தவறி இரண்டாவதில் விழுந்தால் ஆர்.பி.எம். கட்டுப்பாடு எதுவும் காப்பாற்றாது, ஏனென்றால் இன்ஜினைச் சுற்றுவது அப்போது பெட்ரோல் இல்லை, சக்கரம். ஆயில் பம்பின் பல்சக்கரம் உடையும். இதை எப்படி இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? 26 வயதில் நானே செய்தேன், வேறு ஒரு காரில், எம்4 நெடுஞ்சாலையில், பக்கத்து சீட்டில் மச்சான். கிளட்சை விட்ட அந்த நொடியில் பின்சக்கரம் கீச்சிட்டது, அப்புறம் தோசைக் கரண்டியால் சட்டியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மச்சான் வீடு வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சொன்னார்.

கேள்வி: மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ரோட்டரி இன்ஜின், விலை கொள்ளை மலிவாக இருக்கிறதே ஏன்?
(ஐசிபிங்கோ வாசகர்)

ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சீல்கள் தேய்ந்தால் கம்ப்ரெஷன் போய்விடும், அதனால்தான். ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டரில் கம்ப்ரெஷன் பார்த்த தாள் இல்லாமல் தொடாதீர்கள். சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள், திணறினால் காரணம் தெரிந்துவிட்டது. ஆயில் குடிப்பது அதன் கோளாறு இல்லை, சீல்களை நனைக்க ஆயிலை உள்ளே விடுவது அதன் அமைப்பே. காரை வெளியே எடுக்க இரண்டு மீட்டர் நகர்த்தி அணைக்கிற வீட்டுக்கு இது ஆகாது, பெட்ரோலில் மூழ்கிவிடும்.

கேள்வி: எந்த வேகமான இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்? 2ஜேஇசட் என்கிறார்கள்.
(ஸ்டாங்கர் வாசகர்)

டொயோட்டாவின் அந்த 3 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜின் வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங், கம்பெனி கொடுத்ததைவிடப் பல மடங்கு சக்தியைத் தாங்கும். அதில்கூட ஆயில் பம்ப் சீல் கசியும், கிராங்க் புல்லியில் ரப்பர் பிரிந்து கழன்று ஓடும். கண்ணை மட்டும் மூடாதீர்கள்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்ஸரில் "பட் பட்" என்று வெடிக்கிற டியூன் போடலாம் என்று இருக்கிறேன். இன்ஜினுக்குக் கெடுதலா அண்ணா?
(சாட்ஸ்வொர்த், வயது 20)

அந்தச் சத்தம் இன்ஜினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் வெளியே குழாயில் எரிகிற சத்தம் தம்பி. எக்ஸாஸ்ட் வால்வும் டர்போவும் அந்த நெருப்பில் குளிக்கும், கேட்டலிடிக் கன்வர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும், அப்புறம் கார் மேடு ஏறாது. உங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு வாசகி ராத்திரி 11 மணி வெடிச்சத்தத்தைப் பற்றி இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அது உங்கள் நண்பர் காராக இருக்கும் என்று நினைக்கிறேன், அவரிடமும் சொல்லிவிடுங்கள்.